கல்லாப்பெட்டியில் இருக்கும் ‘கேஷ்’ நம்முடைய காசுதானா?

கணக்குப்பிள்ளை, வடசேரி
ஞாயிறு, மாலை 6.40

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளைச் சென்ற வாரம் நாகர்கோவிலில் ஒரு வங்கிக்கு அழைத்துப் போயிருந்தேன். பணம் கட்டும் கவுண்டரின் மேலே ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றும் அதன் கீழே தமிழில் ‘காசாளர்’ என்றும் எழுதியிருந்தது. அவள் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இதில் எதைப் பார்த்து எதை எழுதினார்கள்?” என்று கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், வெள்ளைக்காரன் நம்முடைய காசைத்தான் கேஷ் ஆக்கிக்கொண்டான் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்குச் சான்றும் கைவசம் இருந்தது. என் அம்மையின் தகர டப்பாவில் திருவிதாங்கூர் காலத்துச் செப்புக் காசுகள் நாலைந்து கிடக்கின்றன. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத அந்தக் காசின் ஒரு பக்கம் சங்கு, மறு பக்கம் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’. வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துக் காட்டினேன்.

அதோடு நின்றிருந்தால் நானும் இங்கே வந்திருக்க மாட்டேன். அவள் இதையே பள்ளித் தமிழ் மன்றத்தில் ஐந்து நிமிடம் பேசப்போவதாகப் பெயர் கொடுத்துவிட்டாள். எனக்கு இப்போதுதான் அச்சம் வந்திருக்கிறது. வாழைக்குலை மண்டியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கேஷ் புத்தகம் எழுதுகிறவன் நான். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் சொன்னது சரிதானா? தவறென்றால் எந்த அளவுக்குத் தவறு? பிள்ளை மேடையேறுவதற்கு முன் தெரிந்தாக வேண்டும்.

பழையாறு
ஞாயிறு, இரவு 8.15

அண்ணன் நேராகக் கேட்டதால் நானும் நேராகவே சொல்கிறேன். ஆங்கிலக் ‘கேஷ்’ தமிழிலிருந்து வரவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி ஆண்டுக்கு நான்கு முறையாவது வரும்.

அந்தச் சொல் ஆங்கிலத்தில் 1590-களில் எழுத்தில் வருகிறது. அப்போது அதற்கு இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பணம் வைக்கும் பெட்டி. மற்றொன்று அந்தப் பெட்டியில் கைவசம் இருக்கும் பணம். பதினெட்டாம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்து பணம் என்ற பொருள் மட்டும் நிலைத்தது. அதற்கு மூலமாகப் பிரெஞ்சு மொழியின் ‘கேஸ்’ என்ற சொல்லையும் இத்தாலிய ‘காஸ்ஸா’வையும் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் பெட்டிதான். இரண்டும் பெட்டியைக் குறிக்கும் ‘காப்ஸா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. நாம் விழுங்குகிற ‘கேப்சூல்’ மாத்திரையும் அதே குடும்பம்தான், சின்னப் பெட்டி என்று பொருள். 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூல் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்குகிறது. அதிலேயே ரொக்கக் கணக்குக்குப் பெயர் ‘காஸ்ஸா’. அண்ணன் எழுதுகிற கேஷ் புத்தகத்தின் மூதாதை அங்கே இருக்கிறது.

ஒலி ஒத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு உறவு சொல்ல முடியாது. ‘எட்டு’ என்பதும் ‘எய்ட்’ என்பதும் இன்று காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன. ஆனால் ‘எய்ட்’ பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்டா’, இலத்தீனில் அதன் உறவு ‘ஒக்டோ’. எட்டு நம் பக்கத்தில் ‘எண்பது’ என்பதில் இருக்கும் ‘எண்’ணோடு போய்ச் சேர்கிறது. உண்மையான உறவு என்றால் பின்னோக்கிப் போகப்போக இரண்டும் நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன. கேஷ், காசு விஷயத்திலும் அதுதான் நிலை. ஆகவே தமிழுக்கும் இந்தச் சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.

நாணயப்பித்தன், தக்கலை
ஞாயிறு, இரவு 9.50

பழையாறு தம்பி முதல் பாதியைச் சரியாகச் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் வழுக்கி விழுந்துவிட்டார். ‘எந்தத் தொடர்பும் இல்லை’ என்றால், வடசேரிக்காரர் வீட்டுத் தகர டப்பாவில் கிடக்கும் காசில் ‘கேஷ்’ என்று அச்சிட்டது எதற்காக? திருவிதாங்கூர் அரசு அந்தக் காசைப் பெட்டி என்றா அழைத்தது?

முதலில் அந்தக் காசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இளைய தலைமுறைக்குத் தெரியாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூரின் நாணயக் கணக்கு தனியாக ஓடியது. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். அதாவது ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. பிரிட்டிஷ் ரூபாயோ இருபத்தெட்டரைச் சக்கரம், அதாவது 456 காசு. அந்த அரைச் சக்கர வேறுபாட்டை மனக்கணக்காகவே தீர்த்த கிழவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ரூபாயைச் ‘சக்கரம்’ என்றே கடைசிவரை சொன்னவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

இந்தக் கணக்கில் அடிமட்டத்தில் இருந்த காசைத்தான் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று எழுதினார்கள். திருவிதாங்கூர் மட்டுமல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1803-இலும் 1808-இலும் பர்மிங்காம் நகரத்துச் சோஹோ அக்கசாலையில் அடித்து அனுப்பிய இருபது கேஷ் செப்புக் காசுகளில், இருபது காசு நான்கு ஃபுலூஸ் என்று பாரசீக எழுத்தில் பொறித்திருக்கும். அங்கே எழுதியிருப்பது ‘காஸ்’ என்பதுதான். அப்படிக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையை விட்டு அகலும் முன்பே மணல் திட்டில் மோதி மூழ்கியது. கடலுக்குள்ளிருந்து எடுத்த அந்தக் காசுகள் இன்றும் சேகரிப்பாளர்களிடையே விலைக்கு வருகின்றன; உப்பு அரித்தவை மலிவு.

இந்தக் ‘கேஷ்’ தமிழ்க் காசு அல்லாமல் வேறென்ன?

பழையாறு
ஞாயிறு, இரவு 10.30

தவறு என்னுடையதுதான். அண்ணன் பிடித்தது சரியான இடம்.

ஆங்கில அகராதியைத் திறந்தால் ‘கேஷ்’ என்று இரண்டு தனித்தனித் தலைச்சொற்கள் இருக்கின்றன. முதலாவது, நான் சொன்ன பெட்டிக் கேஷ்; இன்று உலகம் முழுவதும் ரொக்கம் என்ற பொருளில் புழங்குவது. இரண்டாவது, கிழக்கு நாடுகளின் மதிப்புக் குறைந்த சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். அதற்கு மூலமாகப் போர்ச்சுகீசியச் சொல்லையும், அதற்கும் மூலமாகத் தமிழ்க் காசையும் அகராதிகளே காட்டுகின்றன. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் இதைத்தான் சொல்கிறது. இருந்தாலும் கொங்கணி வடிவம் ஒன்றும் இடையில் இருந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகத்தையும் வைக்கிறது.

நான் வகுப்பறையில் முதல் சொல்லைப் பற்றியே கேள்வி கேட்டுக் கேட்டுப் பழகியதால் இரண்டாவதை மறந்துவிட்டேன். ஆனால் ஒன்று: சங்குக் காசைக் காட்டி, வங்கியில் இருக்கும் ‘கேஷியர்’ தமிழ் என்று சொல்ல முடியாது. காசில் இருப்பது இரண்டாவது கேஷ்; கவுண்டரில் இருப்பது முதல் கேஷ். நம் மொழியில் பம்பையாறும் ஆறு, ஐந்தும் ஒன்றும் சேர்ந்தாலும் ஆறு. எழுத்து ஒன்று என்பதால் வேர் ஒன்றாகிவிடாது.

கணக்குப்பிள்ளை, வடசேரி
திங்கள், காலை 7.05

ஒரே எழுத்து, இரண்டு சொல் என்பது கேட்பதற்கு ஏதோ சமாதானம் செய்துவைப்பதுபோல இருக்கிறது. இரண்டுமே பணம்தானே? ஆற்றுக்கும் ஆறு என்ற எண்ணுக்கும் பொருளில் ஒட்டுறவு கிடையாது. இங்கே ஒன்று பணம், மற்றொன்றும் பணம். இரண்டு மொழிகளில் தற்செயலாக ஒரே பொருளுக்கு ஒரே ஒலி அமைந்தது என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்?

விளவங்கோடு
திங்கள், காலை 9.20

எனக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. எங்கள் பக்கத்தில் மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். மலையாளத்தில் காசு என்பதன் நடு எழுத்து தமிழ்ச் சகரம் அல்ல. ‘காஶ்’ என்றுதான் எழுதுவதும் சொல்வதும். வாஸ்கோ ட காமா 1498-இல் வந்து இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். போர்ச்சுகீசியர் முதலில் கேட்டது மலையாளக் கரையின் ‘காஶ்’ என்றால், ஆங்கிலத்தில் இருக்கும் ‘ஷ்’ ஒலிக்கு அதுவே காரணம் ஆகாதா? அப்படியானால் பெட்டிக் கதையே தேவையில்லையே.

பழையாறு
திங்கள், நண்பகல் 1.10

நல்ல கேள்வி. இதில்தான் விஷயமே இருக்கிறது.

பிரெஞ்சுச் சொல்லில் இருப்பது ‘ஸ்’ ஒலி, ஆங்கிலத்தில் இருப்பது ‘ஷ்’ ஒலி என்பதை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு மூலம் பொருந்தாது என்று சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் இந்த மாற்றம் வழக்கமாகவே நடந்திருக்கிறது. பிரெஞ்சு ‘பருவாஸ்’ ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’ ஆயிற்று. நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் பங்கு என்கிறோமே, அந்தப் பாரிஷ்தான். ‘கூஸேன்’ என்பது ‘குஷன்’ ஆயிற்று, ‘லெஸ்’ என்பது நாயைக் கட்டும் ‘லீஷ்’ ஆயிற்று. அந்த வரிசையில் ‘கேஸ்’ என்பது ‘கேஷ்’ ஆனதில் வியப்பு எதுவும் இல்லை. இரட்டை ஸகரம் ஆங்கில வாயில் ‘ஷ்’ ஆவது அவர்களுக்குக் கைவந்த பழக்கம்.

ஒலி ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு வலுவாகப் படுவது பொருளின் வரலாறு. தமிழ்க் காசு அங்கே போய் ரொக்கமாகியிருந்தால், அது தொடக்கத்தில் ஒரு நாணயத்தின் பெயராக இருந்து பிறகு பொதுவாகப் பணம் என்று விரிந்திருக்க வேண்டும். லண்டன் வணிகர் வீட்டுக் கணக்கில் பெட்டி என்ற பொருள் வருவதற்கு அதில் வழியே இல்லை. காசு எந்தக் காலத்திலும் பெட்டியைக் குறித்ததில்லை. ஆனால் பெட்டி பணமாக மாறுவது எந்த ஊரிலும் நடக்கும்.

இனி விளவங்கோட்டாரின் போர்ச்சுகீசியருக்கு வருகிறேன். அவர்கள் நம் காசை எழுதிய விதம் ‘கைஷா’. அவர்கள் மொழியில் அந்தச் சொல் முன்பே இருந்தது, அதற்குப் பொருள் பெட்டி! இலத்தீன் ‘காப்ஸா’வின் வழித்தோன்றல்களில் அதுவும் ஒன்று. புதிதாகக் கேட்ட ஓர் அயற்சொல்லைத் தம் வாயில் முன்பே பழகியிருந்த சொல்லின் உருவத்தில் திணித்துக்கொள்வது எல்லா மொழிக்காரர்களும் செய்வதுதான். பின்னர் ஆங்கிலேயர் அந்தக் ‘கைஷா’வைக் கேட்டபோது, அவர்களிடமும் பெட்டியின் வழியாக வந்த ‘கேஷ்’ கையில் இருந்தது. அந்த உருவத்திலேயே இதையும் எழுதினார்கள்.

ஆகவே கணக்குப்பிள்ளை அண்ணனின் ஐயத்துக்கு என் பதில் இது: இரண்டும் ஒரே உருவம் பெற்றதை முழுக்கத் தற்செயல் என்று சொல்லத் தேவையில்லை. பிறப்பு வேறு; ஆனால் ஒன்றின் சட்டையை மற்றொன்றுக்கு மாட்டிவிட்டார்கள், அதுவும் இரண்டு முறை. தற்செயல் என்பது காசுக்கும் ‘காப்ஸா’வுக்கும் தொடக்கத்தில் இருந்த அந்தச் சிறிய ஒலி ஒப்புமை மட்டுமே. போர்ச்சுகீசியர் காதில் விழுந்தது தமிழ் வடிவமா மலையாள வடிவமா என்பதில் நான் அடம்பிடிக்க மாட்டேன், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தோவாளைப்பூ
திங்கள், மாலை 5.30

காசு எந்தக் காலத்திலும் பெட்டியைக் குறித்ததில்லை என்று தம்பி எழுதியது சரி. ஆனால் காசு எல்லாக் காலத்திலும் நாணயத்தைக் குறித்ததும் இல்லை. முப்பது ஆண்டுகள் தமிழ் நடத்தியவள் என்பதால் இதை மட்டும் நான் சொல்லாமல் இருக்க முடியாது. வங்கிக் கவுண்டரைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்ளுங்கள்.

குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் கிளி ஒன்று வளைந்த வாயில் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அல்லூர் நன்முல்லையார் அதற்குச் சொல்லும் உவமை, புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் ‘பொலங்கல ஒருகாசு’. பழுத்த வேப்பம்பழம் உருண்டையாகவும் மஞ்சளாகவும் இருக்கும். எனவே இந்தக் காசு தட்டையான நாணயம் அல்ல, கோக்கிற பொன்மணி. ஆண்டாள் திருப்பாவையில் ஆய்ச்சியர் தயிர் கடையும்போது ‘காசும் பிறப்பும் கலகலப்ப’ என்று பாடுவதும் கழுத்தணிகளைத்தான். யாப்பில் வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு படித்தோமே, அந்தக் காசையும் பிறப்பையும் அங்கே ஒருசேரக் காணலாம்.

நாணயம் என்ற பொருள் ஏழாம் நூற்றாண்டில் ஐயமில்லாமல் இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு தந்தார் என்பது வரலாறு. அப்பருக்குக் கிடைத்த காசு முழு மதிப்புக்குச் செல்ல, சம்பந்தருக்குக் கிடைத்த காசில் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தார்களாம். அப்போது அவர் பாடியது ‘வாசி தீரவே காசு நல்குவீர்’. வாசி என்பது அந்த வட்டம், அதாவது மாற்றுக் குறைவுக்காகக் கழிக்கும் தொகை. ஆண்டவனிடமே நல்ல காசாகத் தா என்று கேட்ட பிள்ளை அவர். மேலே நாணயப்பித்தன் சொன்ன இருபத்தெட்டும் இருபத்தெட்டரையும் போல, காசு இருக்கும் இடமெல்லாம் வாசியும் இருந்திருக்கிறது.

மணி எப்படி நாணயம் ஆயிற்று என்று கேட்டால், நம் ஊர்க் கல்யாண வீட்டில் பெண்ணின் கழுத்தில் கிடக்கும் காசுமாலையைப் பாருங்கள் என்பேன். நாணயத்தைக் கோத்து அணிவது, மணியைக் கோத்து அணிவது என்ற இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம் இல்லை.

விளவங்கோடு
திங்கள், இரவு 7.45

டீச்சர், காசு என்பதே ‘கர்ஷ’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது, அது ஓர் எடையின் பெயர் என்று படித்திருக்கிறேனே?

தோவாளைப்பூ
திங்கள், இரவு 8.20

அப்படிச் சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். பழையாறு தம்பி குறிப்பிட்ட ஹாப்சன்-ஜாப்சனும் அந்தக் கருத்தைத்தான் எடுத்துக்கொண்டது. நிறுத்து வாங்கும் எடையின் பெயர் நாணயத்தின் பெயராவது இயல்பு. நம்மிடம் கழஞ்சு அப்படித்தான் இரண்டுக்கும் நின்றது. ஆனால் குறுந்தொகைக் காசு எடையும் அல்ல, நாணயமும் அல்ல. மணி என்ற பொருளை முதலில் வைத்துப் பார்த்தால் கர்ஷக் கதை எனக்கு நெருடுகிறது. இது என் கருத்து. பாட்டில் இருப்பது பாட்டில் இருக்கிறது.

குளச்சல் கப்பல்காரன்
செவ்வாய், அதிகாலை 4.50

கரைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது, தூக்கம் இன்னும் கப்பல் நேரத்தில்தான் வருகிறது. நான் ஒன்றைக் கேட்கலாமா?

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கையில் சிங்கப்பூரில் இறங்கினால் பழைய பொருள் விற்கும் கடைகளில் நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசுகள் கிடைக்கும். அதை விற்கிறவர்கள் ஆங்கிலத்தில் ‘கேஷ் காயின்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். கேஷ் என்றாலும் பணம், காயின் என்றாலும் பணம். நடுச்சென்டர் என்பதுபோல ஏதோ தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே படித்த பிறகு இது இரண்டாவது கேஷாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

நாணயப்பித்தன், தக்கலை
செவ்வாய், காலை 8.00

அதேதான் தம்பி, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். சீனர்கள் அந்தக் காசைத் தங்கள் மொழியில் ‘வென்’ என்று எண்ணினார்கள். அதைக் ‘கேஷ்’ என்று அழைத்தது ஐரோப்பியர். போர்ச்சுகீசியர் நம் கரையில் சிறு செப்புக் காசுக்குக் கற்றுக்கொண்ட பெயரைத் தூக்கிக்கொண்டு 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள், அங்கிருந்து சீனக் கடலுக்குப் போனார்கள். போகிற இடத்தில் எல்லாம் கண்ணில் பட்ட மதிப்புக் குறைந்த செப்புக் காசுக்கு அந்தப் பெயரையே ஒட்டினார்கள். ஆகவே சீனாக்காரன் வார்த்தெடுத்த காசு, ஐரோப்பியன் வாய் வழியாகத் தமிழ்ப் பெயரோடு இன்றும் ஆங்கில அகராதியில் இருக்கிறது. எனக்குக் கேட்டால், ‘கேஷியர்’ தமிழ் என்று வம்படியாகச் சாதிப்பதைவிட இது பத்து மடங்கு பெரிய விஷயம்.

அந்தச் சதுர ஓட்டை எதற்கென்று தெரியுமல்லவா? கயிற்றில் கோப்பதற்கு. ஆயிரம் காசு ஒரு சரம் என்று கணக்கு. டீச்சர் சொன்ன வேப்பம்பழத்தைப் படித்த பிறகு, என் பெட்டியில் இருக்கும் நான்கு சீனக் காசுகளை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே போல வந்த இன்னொன்று துட்டு. டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற செப்புக் காசுதான் நம் வாயில் துட்டு. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்கள் தங்கள் தளபதியை உதயகிரிக் கோட்டையிலும் தங்கள் சில்லறையை நம் நாக்கிலும் விட்டுப் போனார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வேன். வேடிக்கை மட்டும்தான், துட்டு தூத்துக்குடி வழியாகவும் வந்திருக்கும்.

பழையாறு
செவ்வாய், காலை 10.15

துட்டுக்குத் தனி இழை தொடங்குவோம் அண்ணன், இல்லையென்றால் கணக்குப்பிள்ளை அண்ணனின் மகள் மேடையில் டச்சுப் போரை நடத்திவிடுவாள்.

பெட்டிக் கேஷைப் பற்றி விட்டுப்போன இரண்டு சிறு செய்திகள். ‘கேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இரட்டைப் பிறவிதான். கடைக்காரர் ‘சோடா இரண்டு கேஸ் இறக்கு’ என்கிறாரே, அந்தக் கேஸ் ‘காப்ஸா’வின் வாரிசு, எனவே கேஷுக்கு உடன்பிறப்பு. தக்கலைக் கோர்ட்டில் நடக்கும் கேஸ் வேறு; அது நிகழ்வு, விழுதல் என்ற பொருளுடைய ‘காசுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லில் காசு இருக்கிறதே என்று யாரும் இங்கே புதிய வழக்குத் தொடுக்க வேண்டாம். இரண்டாவது, ‘கேஷியர்’ என்பதை ஆங்கிலத்தில் வினையாகப் பயன்படுத்தினால் அதிகாரியைப் பட்டாளத்திலிருந்து அவமானப்படுத்தி விலக்குதல் என்று பொருள். அது பெட்டிக் குடும்பமும் இல்லை, காசுக் குடும்பமும் இல்லை. உடைத்தல், ரத்து செய்தல் என்ற பொருளில் டச்சு மொழி வழியாகப் படைவீரர்கள் கொண்டுவந்த மூன்றாவது சொல்.

கணக்குப்பிள்ளை, வடசேரி
செவ்வாய், மாலை 6.30

எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். பெட்டி எப்படிப் பணம் ஆகும் என்பதில் மட்டும் அவள் நின்றுவிட்டாள். பெட்டியைக் காட்டி யாராவது பணம் என்பார்களா என்று கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து என் மனைவி, “உங்கள் மண்டியில் நேற்று ஏத்தங்குலை ஏலத்தில் கல்லா கட்டியது என்று சொன்னீர்களே, அது பெட்டியா பணமா?” என்றாள். நான் வாயடைத்துப் போனேன். நாள்தோறும் கையால் தொடுகிற கல்லா! கல்லாவில் உட்காருகிறேன் என்றால் பெட்டி இருக்கும் இடம், கல்லா நிறைந்தது என்றால் பெட்டி, கல்லா கட்டியது என்றால் பணம்.

நாணயப்பித்தன், தக்கலை
செவ்வாய், இரவு 7.10

வீட்டம்மா நம் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். இத்தனைக்கும் கல்லா என்பதும் நம் சொல் அல்ல. உருது வழியாக வந்தது. அங்கே ‘கல்லா’ என்றால் தானியமும் உண்டு, கடைக்காரரின் பணப்பெட்டியும் உண்டு.

தோவாளைப்பூ
செவ்வாய், இரவு 7.40

பிள்ளை முதலில் கேட்ட கேள்வி வங்கிப் பலகையைப் பற்றியது. அது இன்னும் தீரவில்லை. ‘காசாளர்’ என்பதில் இருக்கும் காசு முழுக்க நம்முடையது. காசு, ஆள், அர் என்று பிரித்துக் காட்டலாம். காசோலை என்று செக்குக்குப் பெயர் வைத்தார்களே, அதே முறையில் ஆங்கிலப் பதவிக்குத் தமிழில் ஆக்கிய சொல் அது. ஆகவே பலகையில் கேஷியரைப் பார்த்துத்தான் காசாளரை எழுதினார்கள். ஆனால் எழுத எடுத்த காசு குறுந்தொகைக் காசு. ஐந்து நிமிடப் பேச்சுக்கு இந்தப் பலகையிலேயே தொடங்கட்டும். வேப்பம்பழத்தை நடுவில் வைக்கட்டும். பொற்கொல்லன் நகத்தைச் சொல்லும்போது விரலைக் குவித்துக் காட்டச் சொல்லுங்கள், மன்றம் கவனிக்கும்.

கணக்குப்பிள்ளை, வடசேரி
செவ்வாய், இரவு 8.05

மிகவும் நன்றி டீச்சர், நன்றி தம்பிமார்களே. நான் வங்கியில் சொன்னது தவறு என்று மகளிடம் ஒப்புக்கொண்டேன். காசில் சொன்னது சரி என்பதையும் கூடவே சொல்லிக்கொண்டேன். பேச்சன்று அந்தச் சங்குக் காசையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்கிறாள். கறுத்துப் போய் எழுத்து மங்கலாக இருப்பதால், அம்மை அதை உப்பும் புளியும் போட்டுத் துலக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாணயப்பித்தன், தக்கலை
செவ்வாய், இரவு 8.07

ஐயோ, புளி வேண்டாம்! உடனே அம்மையிடமிருந்து காசை வாங்கி வையுங்கள். அவ்வளவு மெல்லிய செப்பில் புளி பட்டால் கறுப்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். கறுத்தது கறுத்தபடியே இருக்கட்டும். வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ‘கேஷ்’ என்பது தெளிவாகவே தெரியும்.